குழிக்குள் போட்ட தரை

786
தாராவி, பம்பாய்
20-2-1966

அன்புள்ள சபுரா லாத்தாவுக்கு,

தம்பி ஹமீதின் ஸலாம். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு வேளை ரொட்டியும் ஒரு வேளை சோறுமாகக் காலம் ஓடுகிறது. உங்கள் முட்டுவலியும் பிள்ளை நஜ்முன்னிசாவின் இருமலும் இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் தணிந்திருக்க வேண்டும் என்று துஆ செய்கிறேன்.

லாத்தா, கதவைச் சாத்திக்கொண்டு படியுங்கள். மூன்று வருஷமாக நாம் காத்திருந்தது வந்துவிட்டது. தேவ்நாரில் மச்சான் மேல் விழுந்த தண்ணீர்த் தொட்டி வழக்கில் கோர்ட்டு ஒரு கமிஷனரைப் போட்டிருக்கிறது. இனாயத்துல்லா சாயபு, ஹைதராபாத்துக்காரர், ரிட்டயரான என்ஜினியர். தொட்டி நின்ற இடத்து மண்ணைத் திரும்பவும் சோதித்து, 1963-ல் மச்சான் கம்பெனி என்ஜினியர் நெல்லையப்பன் எழுதிக் கொடுத்த கணக்கு நிஜமா பொய்யா என்று அவர் சொல்ல வேண்டும். சோதிக்கிற வேலை யாருக்குக் கிடைத்திருக்கிறது தெரியுமா? எங்கள் கம்பெனிக்கு. ஜாக்கி அடிக்கப்போவது யார் தெரியுமா? உங்கள் தம்பி.

மச்சான் மௌத்தானதும் நான் நல்ல மில் வேலையை விட்டுவிட்டு மண் சோதிக்கிற கம்பெனியில் கூலியாய்ச் சேர்ந்தபோது, புத்தி கெட்டவனே என்று எழுதினீர்கள். மச்சான் வேலை பார்த்த கம்பெனி வேறு, இது வேறு. ஆனால் தொழில் ஒன்றுதான். அந்த ஆள் சொன்ன எண் பொய் என்று நிரூபிக்க வேண்டுமானால் எனக்கு எண் படிக்கத் தெரிய வேண்டியிருந்தது. இப்போது தெரியும்.

அந்த மண் பன்னிரண்டு டன் தாங்கும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நெல்லையப்பன். ஆகஸ்ட் மழையில் தொட்டியின் ஒரு கால் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. பக்கத்து ஷெட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த மச்சான், வெயிலுமுத்து, பஞ்சு மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை. ‘கனமழை’ என்று ஒரு சொல் எழுதி அன்றைக்கு ஃபைலை மூடினார்கள். தொட்டியைக் கட்டிய தொழிற்சாலை முதலாளி விடாமல் வழக்குப் போட்டதால் அது இன்றைக்குத் திறந்திருக்கிறது. நான் யார் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது.

உங்கள் தம்பி,
ஹமீது


குலசேகரன்பட்டினம்
3-3-1966

அன்புத் தம்பிக்கு,

லாத்தா எழுதுவது. ஸலாம். நாங்கள் இருக்கிறோம். முட்டுவலியும் இருக்கிறது. அது எங்கே போகும், எனக்குத் துணைக்கு அதுவாவது இருக்கட்டும். பிள்ளைக்கு இருமல் நின்றுவிட்டது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை சத்தம் போட்டுப் படித்தேன். வயிறு குளிர்ந்துபோனது. நீ எழுதியதில் ஒரு குறைதான். அந்த ஆள் பெயரைப் பெரிய எழுத்தாய் எழுதுகிறாய். சின்னதாய் எழுது, தாள் வீணாகிறது.

அவன் எப்படி இருக்கிறான்? தடியாகிவிட்டானா? தலை நரைத்துவிட்டதா? பிள்ளை குட்டி எத்தனை? மாட்டுங்காவில் மாடி வீடு என்று அப்போது சொன்னாயே, இன்னும் அங்கேதானா? எல்லாவற்றையும் எழுது. ஒருத்தன் கெட்டுப்போவதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை, படிக்கவாவது வேண்டும்.

நஜ்முன்னிசாவுக்கு எட்டு வயதாகிவிட்டது. உன் வாப்பாவைக் கொன்றது யார் என்று கேட்டால் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறாள். பிள்ளைக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுக்காதே என்று ஓதிக்கொடுக்கிற உஸ்தாது ஆள் அனுப்பினார். அவர் வீட்டுக் கூரை மேல் தொட்டி விழவில்லை, அவர் அப்படித்தான் சொல்லுவார் என்று திருப்பிச் சொல்லிவிட்டேன்.

வெயிலுமுத்து பெண்சாதி கனகவள்ளி உன் சந்திலேதானே இருக்கிறாள்? அவளுக்கு இந்தச் செய்தியைச் சொல். நாங்கள் இரண்டு பேரும் முகம் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரே நாளில் ஒரே ஆளால் கெட்டவர்கள். ஊரில் எனக்கு இருக்கிற சொந்தத்தையெல்லாம் விட அவள்தான் கிட்டத்துச் சொந்தம் என்று சொல்.

உன்னை அல்லாஹ் நல்லபடியாக வைக்கட்டும், அவனை எப்படி வைக்க வேண்டும் என்று அல்லாஹ்வுக்குத் தெரியும்.

லாத்தா,
சபுரா


தாராவி
10-4-1966

அன்பு லாத்தாவுக்கு,

ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வரமுடியாததில் உங்களுக்கு மனக்குறை இருக்கும். வேலை அப்படி. நான் சுகம், வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது.

கனகவள்ளியிடம் சொன்னேன். கையில் இருந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு, “ஹமீதுத் தம்பி, அவன் மூஞ்சிய ஒருதரம் எனக்குக் காட்டுதியா? வேற ஒண்ணும் வேண்டாம்” என்றாள். காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

முதல் குழி முடிந்தது. எப்படிச் சோதிக்கிறோம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், ஆனாலும் எழுத வேண்டும். இந்த இடத்து மண்ணுக்கு முரம் என்று பெயர். பாறை நைந்து மண்ணாகப் போகிற வழியில் பாதியில் நின்றுபோன சரளை. இடையில் சுண்ணாம்பு ஊறி, கல்லும் மண்ணும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடக்கிறது. வெட்டி எடுத்து லேபரட்டரிக்குக் கொண்டுபோனால் போகிற வழியிலேயே பிடிப்பு விட்டுப் பொடியாகிவிடும். அப்புறம் எதைச் சோதிப்பது? அதனால் அது கிடக்கிற இடத்திலேயே சோதிக்க வேண்டும்.

ஆறடிக் குழி. அடியில் ஒரு கை மணல் தூவி, ஒன்றரை அடிச் சதுர இரும்புப் பலகை. பலகை மேல் ஜாக்கி. அதற்கு மேலே உத்தரம் போட்டுப் பதினைந்து டன் மணல் மூட்டை. ஜாக்கியை அடிக்க அடிக்க, மேலே இருக்கிற பாரத்தை உதைத்துக்கொண்டு அது பலகையை மண்ணில் அழுத்தும். பலகை எத்தனை இறங்குகிறது என்று கடிகாரம் மாதிரி ஒரு டயல் காட்டும். எவ்வளவு பாரம் தாங்குகிறதோ அது மண்ணின் பலம். அந்தப் பாரத்துக்கு எவ்வளவு குறைவாய் இறங்குகிறதோ அது அதன் விறைப்பு. இரண்டையும்தான் அவன் ரிஜிஸ்டரில் எழுதி வைத்திருக்கிறான், பன்னிரண்டு டன் வரைக்கும் முள் அசையவே இல்லை என்று.

எங்கள் குழியில் ஏழு டன் வரை முள் அசையவில்லை. எட்டில், அடியில் பல்லைக் கடித்தது மாதிரி ஒரு சத்தம். அப்புறம் முள்ளைப் பிடிக்க முடியவில்லை.

அவனும் வந்திருந்தான். தடியில்லை, ஒடிசல். தலை முழுக்க வெள்ளை. குடையைப் பிடித்துக்கொண்டு குழி ஓரத்தில் குந்தி, “இது இல்லய்யா, இப்படி இல்ல” என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து எந்த ஊர் தம்பி என்று கேட்டான். மதராஸ் என்றேன்.

சாயபு இன்னும் முடிவாக ஒன்றும் சொல்லவில்லை. சுண்ணாம்புப் பிடிப்பு இடத்துக்கு இடம் மாறும், எட்டையும் பன்னிரண்டையும் வைத்து ஒரு மனுஷனைப் பொய்யன் என்று சொல்லிவிட முடியாது என்கிறார். இன்னும் இரண்டு குழி போட வேண்டும். ஒரு குழியில் நாலு நாள் தண்ணீர் கட்டி ஊறவிட்டு, மழைக்காலத்தில் மண் எப்படி நின்றிருக்கும் என்றும் பார்க்கிறோம்.

பிள்ளைக்கு என் முத்தம்.

ஹமீது


குலசேகரன்பட்டினம்
18-4-1966

தம்பி ஹமீதுக்கு,

ஸலாம். எல்லாரும் சுகம், அதைப் பற்றி இப்போது பேச்சில்லை.

எட்டு என்று எழுதியிருக்கிறாய். எட்டு எனக்குப் போதாது. உன் சாயபு தராசு பிடிக்கிற ஆள் மாதிரி தெரிகிறது. அந்த ஜாக்கி உன் கையில்தானே இருக்கிறது? டயலும் உன் கண்ணுக்கு நேரேதானே? ஒன்று இரண்டு குறைத்துச் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? அவன் கூட்டி எழுதினான், நீ குறைத்துச் சொல்.

ஒடிசல் என்று எழுதினாயே, அதைப் படித்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. தடியனாக இருந்திருக்கலாம்.

சபுரா


தாராவி
15-5-1966

அன்பு லாத்தாவுக்கு,

உங்கள் தம்பியின் ஸலாமும் சந்தோஷமும். நான் சுகம். இன்றைக்கு என்னைப் போல சுகமான ஆள் பம்பாயில் இருக்க மாட்டான்.

குறைத்துச் சொல்லத் தேவையே இல்லாமல் போய்விட்டது லாத்தா. அப்படிச் செய்யவும் மாட்டேன். நிஜம் நம் பக்கம் இருக்கும்போது எதற்குப் பொய்? இரண்டாவது குழி ஏழு டன்னிலேயே விட்டுக்கொடுத்தது. தண்ணீர் ஊறிய மூன்றாவது குழி மூன்று டன்னில் வெண்ணெய் மாதிரி இறங்கியது. சாயபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நெல்லையப்பன் காதில் விழும்படியே சொன்னார். இந்த மைதானத்தில் எங்கே தோண்டினாலும் பன்னிரண்டு வராது, இது ஆபீசில் உட்கார்ந்து எழுதின எண் என்றார். ரிப்போர்ட்டில் அப்படியே எழுதப்போகிறார். கோர்ட்டு ஏற்றுக்கொண்டால் அந்த ஆள் ஜெயிலுக்குப் போவான். அவன் கம்பெனி இப்போதே சஸ்பெண்ட் பண்ணிவிட்டது.

அவன் குடையை மடக்கினான். தொட்டியின் பழைய அஸ்திவாரத்தில் போய் உட்கார்ந்தான். டிபன் கேரியரைத் திறந்தான், மூடினான், சாப்பிடவில்லை. நான் அவன் எதிரிலேயே உட்கார்ந்து என் ரொட்டியை முழுசாகச் சாப்பிட்டேன்.

எனக்கு இன்னும் ஆசை அடங்கவில்லை. 1963-ல் அவன் சோதித்ததாகச் சொல்கிற பழைய குழி தொட்டிக்காலுக்கு ஆறடி தள்ளி இருக்கிறது. மண் போட்டு மூடிக் கிடக்கிறது. அதில் பலகையே வைக்கவில்லை என்பது என் எண்ணம். வரும் ஞாயிற்றுக்கிழமை லீவில் நானே போய்த் தோண்டிப் பார்க்கப்போகிறேன். பலகை பதிந்த அடையாளம் இல்லாவிட்டால் சாயபுவைக் கூட்டி வந்து காட்டுவேன். அதற்குப் பிறகு அவனால் எந்த வக்கீலை வைத்தும் தப்ப முடியாது.

ஹமீது


குலசேகரன்பட்டினம்
24-5-1966

என் கண்ணான தம்பிக்கு,

லாத்தாவின் ஸலாம். நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். உன் கைக்குத் தங்கக் காப்புப் போட வேண்டும்.

தெருவில் பன்னிரண்டு வீட்டுக்குச் சீனி வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு, என் தம்பி பரீட்சை பாஸ் என்றேன். நஜ்முன்னிசா மட்டும் கேட்காமலே புரிந்துகொண்டாள்.

அவன் சாப்பிடாமல் டிபன் கேரியரை மூடினான் என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அவருடைய சாப்பாட்டுத் தூக்கு நசுங்கி, பாதிச் சோற்றோடு ஊருக்கு வந்ததே, உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு நெஞ்சில் ஈரம் இருந்தது ஹமீது. அதைக் காயவைத்தது அவன்தான்.

அந்தக் குழியைத் தோண்டியதும் அன்றைக்கே எழுது. மறுநாள் என்று போடாதே. கனகவள்ளிக்கு என் ஸலாத்தைச் சொல், அவள் கேட்டது நடக்கப்போகிறது என்று சொல்.

சபுரா


குலசேகரன்பட்டினம்
30-6-1966

தம்பிக்கு,

ஸலாம். உடம்புக்கு என்ன? ஐந்து வாரமாய்ப் பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் தெருவை மாற்றிக்கொண்டு போகிறார். காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று எழுது. ரிப்போர்ட்டை மாற்றிவிட்டார்களா? அவன் ஆள் வைத்து உன்னை அடித்துவிட்டானா? இரண்டு வரி போதும்.

சபுரா


தாராவி
12-7-1966

அன்புள்ள லாத்தாவுக்கு,

ஸலாம். காய்ச்சலாய் இருந்தேன், இப்போது தேவலை. மழை பிடித்துக்கொண்டுவிட்டது. சந்தில் முழங்கால் தண்ணீர். நீங்களும் பிள்ளையும் சுகம்தானே.

விசாரணை செப்டம்பர் ஐந்தாம் தேதிக்குப் போய்விட்டது. ரிப்போர்ட்டில் மாற்றம் எதுவும் இல்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். 1963 மே மாதம் மச்சான் உங்களுக்குப் போட்ட கடிதம் ஏதும் இருக்கிறதா? அந்தக் குழியைப் பற்றி அதில் ஏதாவது எழுதியிருக்கிறாரா? இருந்தால் அந்த வரிகளை மட்டும் பார்த்து எழுதி அனுப்புங்கள். கடிதத்தை அனுப்ப வேண்டாம், மழையில் நனைந்துவிடும்.

இப்படிக்கு,
ஹமீது


குலசேகரன்பட்டினம்
22-7-1966

தம்பிக்கு,

ஸலாம். உன் கடிதம் காய்ச்சல்காரன் எழுதியது மாதிரி இல்லை, கடன்காரன் எழுதியது மாதிரி இருக்கிறது. பழைய குழியில் என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை இல்லையே? பரவாயில்லை. நீ கேட்டது கிடைத்துவிட்டது, படித்ததிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். ஏன் என்று நீயே பார். 1963 மே 19-ஆம் தேதிக் கடிதம். அவர் கையெழுத்துப்படியே எழுதுகிறேன்:

“இங்கே மொசைக் தரை போடுகிற வேலை ஓய்ந்துவிட்டதால் மண் கம்பெனியிலேயே இருக்கிறேன். குழி தோண்டுகிறவர்களுக்குப் பலகை உட்காரச் சமமாய்ப் படுகை கட்டத் தெரியாது, பலகை ஆடும். என்ஜினியர் இரண்டு நாளாய் வரவில்லை. நான் சும்மா இருக்காமல் சிமென்ட் பால் கலந்து மூன்று பூச்சுப் பூசி, சாக்கு நனைத்துப் போட்டு, குழியை ஹால் மாதிரி ஆக்கி வைத்தேன். மேலே ஒரு கை மணலும் தூவிவிட்டேன். அவர் வந்து பலகையை வைத்துப் பார்த்தார். ஆடவில்லை. கலீலுல்லா, அழகு என்றார்.”

பார்த்தாயா? என்ஜினியர் இரண்டு நாளாய் வரவில்லை! வேலை நடக்கிற இடத்துக்கு வராமலே சம்பளம் வாங்கியிருக்கிறான். என் மாப்பிள்ளை அவன் வேலையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். இதைக் கோர்ட்டில் காட்டு. செத்தவர் வாயாலேயே சாட்சி வந்துவிட்டது.

சபுரா


தாராவி
8-8-1966

அன்புள்ள லாத்தாவுக்கு,

ஸலாம். என் உடம்பு நன்றாக இருக்கிறது. காய்ச்சல் வரவே இல்லை, அது பொய். உட்கார்ந்துகொண்டு இதைப் படியுங்கள். பிள்ளை பக்கத்தில் இருந்தால் வெளியே அனுப்பிவிடுங்கள்.

மே 22 ஞாயிற்றுக்கிழமை பழைய குழியைத் தோண்டினேன். காலையில் ஆரம்பித்து, வெயில் சாய்ந்து அஸர் தொழுகை வேளையில் அடியைத் தொட்டேன். கடப்பாரை டங் என்றது. மண்ணைக் கையால் வாரிவிட்டுப் பார்த்தேன். மூன்றடிச் சதுரத்துக்குச் சாம்பல் நிறத்தில் தரை. நடுவில் பலகை உட்கார்ந்த தடம் இருந்தது. ஆகவே அவன் பலகை வைத்தது நிஜம். நாலு ஓரத்திலும் நூல் பிடித்து இழுத்த கோடு இருந்தது. மண் போட்டு மூடப்போகிற குழிக்குள் நூல் பிடித்துக் கோடு இழுக்கிற ஆள் பம்பாயில் ஒருவர்தான் லாத்தா. வெயிலுமுத்துவுக்கும் பஞ்சுவுக்கும் மண்வெட்டியைத் தவிர ஒன்றும் தெரியாது.

உடைத்துப் பார்த்தேன். மூன்று அங்குலம். சிமென்ட் பால் முரத்தின் சந்துபொந்துகளில் இறங்கி, அதையும் சேர்த்துக் கல்லாக்கியிருக்கிறது. பலகை மண் மேல் உட்காரவே இல்லை, மச்சான் போட்ட தரையின் மேல் உட்கார்ந்தது. பாரத்தை அந்தத் தரை வாங்கி மூன்றடிக்குப் பரப்பிவிட்டது. அதனால்தான் பன்னிரண்டு டன் வரைக்கும் முள் நகரவில்லை. அவன் எழுதின எண் ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்த எண். ஆனால் தொட்டிக்கால் நின்றது வெறும் முரத்தில்.

பலகை ஆடாமல் இருக்க மணல்தான் தூவுவோம். அது ஏன் என்று மச்சானிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தரை போட்டுப் பழகிய கைக்கு மேடுபள்ளத்தைப் பார்த்தால் பொறுக்காது. அவ்வளவுதான் நடந்தது. நீங்கள் எழுதி அனுப்பிய வரிகள் அதைத்தான் சொல்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை.

அதற்கு மறுநாள் மாட்டுங்காவில் அவன் வீட்டுக்குப் போனேன். நான் கலீலுல்லாவின் மச்சினன் என்று சொன்னேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். படுகை போடும்போது நீங்கள் இருந்தீர்களா என்று கேட்டேன்.

“இல்ல தம்பி” என்றான். “மக சந்திரலேகாவுக்கு டைபாய்டு. ரெண்டு நாள் ஆஸ்பத்திரியிலயே கெடந்தேன். ரிஜிஸ்டர்ல மட்டும், கூட இருந்தேன்னு எழுதிட்டேன். நான் எழுதுன பொய் அது ஒண்ணுதான். ஆனா முள்ளு நகரலய்யா. இந்தக் கண்ணால பாத்தேன். எப்படின்னு யோசிச்சு யோசிச்சு மூணு வருஷமா எனக்குப் பைத்தியம் புடிக்குது.”

எப்படி என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அவன் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை லாத்தா. கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் நாம் வளர்த்த பகைக்கு இவ்வளவு சின்னப் பொய்யா என்று.

உடைத்த துண்டு என் டிரங்குப் பெட்டியில், சட்டைக்கு அடியில் இருக்கிறது. குழியைத் திரும்ப மூடிவிட்டேன். செப்டம்பர் ஐந்தாம் தேதி நான் வாய் திறக்காவிட்டால், இல்லாத எண்ணை எழுதியதாக அவன் ஜெயிலுக்குப் போவான். திறந்தால் மூன்று பேர் சாவுக்கும் மச்சான் பெயரை எழுதுவார்கள்.

கனகவள்ளி தினமும் வாசலில் வந்து நிற்கிறாள். ஐந்தாம் தேதி அவளையும் கோர்ட்டுக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். அவன் முகத்தில் துப்பிவிட்டு வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்குமாம். அவளைப் பார்க்க முடியாமல் மறு சந்து வழியாய்ப் போய் வருகிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். நான் உங்களுக்காகத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

ஹமீது


குலசேகரன்பட்டினம்
17-8-1966

ஹமீதுக்கு,

உடைத்துப் போடு. மாஹிம் கடலில் போடு. பெட்டியில் துகள் இல்லாமல் தட்டிவிடு. குழிக்குள் மீதி இருப்பதையும் போய் உடை.

அவர் ஒரு எறும்பை மிதித்தவர் இல்லை. அவரை மூன்று பேரைக் கொன்றவர் என்று ஒரு குமாஸ்தா எழுத, அதற்கு நான் பெண்சாதி என்று உட்கார்ந்திருக்க வேண்டுமா? நஜ்முன்னிசா யார் பெயரை ஒப்பிப்பாள்? அவன் அந்த இரண்டு நாளில் ஒரு மணி நேரம் வந்து எட்டிப் பார்த்திருந்தால் என் மாப்பிள்ளை பூசியிருப்பாரா? அவன் போகட்டும் ஜெயிலுக்கு. கனகவள்ளியைக் கூட்டிப்போ. அவள் துப்பட்டும். எனக்கும் சேர்த்துத் துப்பச் சொல்.

இதற்குப் பதில் எழுதாதே. செய்துவிட்டேன் என்று மட்டும் எழுது.

சபுரா


குலசேகரன்பட்டினம்
18-8-1966

தங்கச்சி கனகவள்ளிக்கு,

கலீலுல்லா பெண்சாதி சபுரா எழுதுவது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் ஆரம்பிக்க வேண்டும். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஹமீது இதை உனக்கு வாசித்துக் காட்டுவான். வாசிக்கும்போது அவன் நிறுத்தினால், நிறுத்தாதே என்று சொல்.

உன் புருஷன் வெயிலுமுத்து செத்தது என் புருஷன் செய்த காரியத்தால். நெல்லையப்பன் எண்ணைத் திருத்தி எழுதவில்லை. மண்ணைச் சோதிக்கிற குழிக்குள் என் மாப்பிள்ளை சிமென்ட் பூசித் தரை போட்டுவிட்டார். பலகை அந்தத் தரையின் பலத்தைக் காட்டியது, மண்ணின் பலத்தை இல்லை. அதை நம்பித் தொட்டி கட்டினார்கள். பலகை ஆடக்கூடாது, வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்துச் செய்தார். அதைச் சாக்காகச் சொல்லவில்லை. என்ன நினைத்துச் செய்தாலும் உன் புருஷன் திரும்பி வரமாட்டார், என் புருஷனும் வரமாட்டார்.

இதை மறைத்துவிடு என்று நேற்று ஹமீதுக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். உன்னைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போய் அந்த ஆள் முகத்தில் துப்பவைக்கச் சொல்லியும் எழுதினேன். ராத்திரி முழுக்க நீ துப்புவதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். மூன்று வருஷமாய் அதே முகத்தில் நானும் மனசுக்குள்ளே துப்பியிருக்கிறேன். அதுதான் எனக்குச் சோறும் தண்ணீரும். யாராவது எல்லாம் தெரிந்துகொண்டே, வேறு ஒரு முகத்தைக் காட்டி, இவன்தான், துப்பு என்று என்னை ஏமாற்றியிருந்தால் அவரை நான் உயிரோடு விட்டிருக்க மாட்டேன். அதையே நான் உனக்குச் செய்யப் பார்த்தேன்.

காலையில் தந்தி ஆபீசுக்குப் போய், கடிதத்தில் இருப்பதைச் செய்யாதே, துண்டைக் கோர்ட்டில் வை என்று ஹமீதுக்குத் தந்தி அடித்துவிட்டேன். என் மாப்பிள்ளை பெயரைத் தகப்பன் பெயரோடு முழுசாகச் சொல்ல வேண்டும், யாரோ ஒரு கூலி என்று எழுத விடக்கூடாது என்றும் அவனிடம் சொல்லியிருக்கிறேன். நெல்லையப்பன் இரண்டு நாள் வராததையும், வந்தேன் என்று பொய் எழுதியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவனை நான் மன்னிக்கவில்லை. அவன் பங்குக்கு உள்ளது அவனுக்கு வந்து சேரட்டும், அதற்கு மேல் ஒரு துளி வேண்டாம்.

மீதி எங்கள் வீட்டுப் பங்கு. என் மகளை உட்காரவைத்து இன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள், பிறகு என்னிடம் பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு.

நீ என்னைத் திட்டு. உன் வாயில் வருகிறதையெல்லாம் ஹமீதிடம் சொல், அவன் ஒரு வார்த்தை குறைக்காமல் எழுத வேண்டும். நேரில் வந்து கேட்க வேண்டும் என்று தோன்றினால் ரயில் ஏறி வா, வாசலில் வந்து நிற்கிறேன். உனக்கு ஆள் தெரியாமல் போக வேண்டாம் என்று விலாசத்தைக் கீழே எழுதுகிறேன்.

சபுரா பீவி,
மர்ஹூம் மொசைக் மேஸ்திரி கலீலுல்லாவின் மனைவி,
சின்னப்பள்ளித் தெரு, மேற்கே இருந்து மூன்றாவது வீடு,
குலசேகரன்பட்டினம்,
திருச்செந்தூர் தாலுகா,
திருநெல்வேலி ஜில்லா.